கையில் இருக்க வேண்டிய கயிறு

கடலை முதன்முதலாகப் பார்த்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இத்தனையும் மூடோணும்னா எத்தனை தார்ப்பாய் புடிக்கும், மலரு?"

காலை ஆறரை மணி. தொண்டிக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமத்தின் கரையில் நின்றிருந்தோம். சூரியன் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே வந்திருந்தது. அலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்தப் பக்கத்துக் கடல் மாசி மாதத்தில் ஏரி போலக் கிடக்கும். ஆனால் ஏரிக்கு அக்கரை உண்டு. அம்மா அந்த அக்கரையைத்தான் தேடினாள். நெற்றியில் கையை வைத்து இடமிருந்து வலமாகவும் பிறகு வலமிருந்து இடமாகவும் பார்த்தாள். கடைசியில் கையை இறக்கிவிட்டு அப்படிக் கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே மனசுக்குள் அளந்துகொண்டிருந்தாள்.

புதுச்சத்திரத்தில் சேலம் நாமக்கல் சாலையை ஒட்டி எங்கள் தார்ப்பாய்ப் பட்டறை இருக்கிறது. அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு ஒடிசாப் பக்கம் போனால் மூன்று மாதம் கழித்துதான் திரும்புவார். பட்டறை அம்மாவுடையது. சாரதாமணி தார்ப்பாய் என்றால் அந்தச் சாலையில் லாரி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். கிழிந்ததைத் தைப்பாள், புதிதாகத் தைப்பாள், ஏற்றிய பாரத்தின் மேல் ஏறி நின்று இறுக்கிக் கட்டியும் கொடுப்பாள். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரே எதிரி, காற்று. அதை 'அவன்' என்றுதான் சொல்வாள். "ஒரு வெரல் எடம் குடுத்தா அவன் உள்ள பூந்துருவான். பூந்தான்னா கிழிக்காமப் போக மாட்டான்." அவள் போட்ட முடிச்சு டெல்லி போய்த் திரும்பும்வரை அசையாது என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

போன வருடம் ஜீவானந்தம் அண்ணன் எங்கள் பட்டறைக்கு சின்னதாக ஒரு படகுப் பாய் தைத்து வாங்க வந்தார். சூரமங்கலத்துக்காரர், ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். இந்தக் கரையில் கயாக் படகுகளை வைத்துக்கொண்டு, ஆசைப்பட்டு வருகிறவர்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறார். இன்ஜின் கிடையாது. துடுப்பும் பாயும்தான். அளவு பார்க்க நான் இங்கே வந்தேன். பிறகு அளவு பார்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லாமலும் வந்தேன். கிணற்றில் நீச்சல் பழகியவளுக்குக் கடல் பிடித்துப்போய்விட்டது. இப்போது அண்ணன் கேட்டிருந்தார், அடுத்த மாதத்திலிருந்து இங்கேயே தங்கி, ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் வேலையைச் செய்கிறாயா என்று.

தார்ப்பாயை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நான். அம்மாவின் சம்மதம் இல்லாமல் வர எனக்கு மனசில்லை. அவள் முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"ஒரு நாள் வந்து உக்காந்து பாக்கறேன். பாத்துப்போட்டுச் சொல்றேன்."

இன்று சாயங்காலம் ஜீவா அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் விடிந்ததிலிருந்து நான் ஒரு முடிவோடு இருந்தேன். இன்றைக்கு அம்மாவை எதிலும் மறுத்துப் பேசக் கூடாது.

மிதவைச் சட்டையைப் போட்டுவிட்டபோது, "இதென்னடி, பருத்தி மூட்டைக்குச் சணல் கட்டுன மாதிரி" என்றாள். சிரித்தேன். புடவையை முழங்காலுக்கு மேல் சொருக மறுத்தாள். சரி என்றேன். வழக்கம்போலக் கோணி ஊசியை இடுப்பில் சொருகியிருந்தாள். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் கயாக் மஞ்சள் நிறம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல ஓர் அலுமினியக் குழாய், அதன் முனைகளில் கவிழாமல் இருக்க மிதவைகள். முன்னே ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலாக ஒரு கம்பம். அதில் அம்மா தைத்த ஆரஞ்சுப் பாய். கயிறு கோக்கும் கண்களைக் கொஞ்சம் போட்டால் போதும் என்று அண்ணன் சொல்லியிருந்தும், சாணுக்கு ஒரு பித்தளைக் கண் வைத்து அடித்திருந்தாள். பாயின் கீழ் மூலையிலிருந்து ஒரு கயிறு வரும். அதை எதிலும் கட்டக் கூடாது. பின்னால் இருப்பவர் கையிலேயே வைத்திருக்க வேண்டும். காற்று ஏறினால் விட்டுக்கொடுப்பதற்கும், குறைந்தால் இழுப்பதற்கும்.

நான் தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அம்மா அந்தக் கயிற்றைக் குழாயில் கட்டி முடித்திருந்தாள். லாரிக் கட்டு. மூன்று சுற்று, ஒரு மடிப்பு, அதற்குள் ஒரு சொருகல். மிச்சக் கயிற்றை அழகாகச் சுருட்டி முடிச்சுக்கு அடியில் செருகியும் வைத்திருந்தாள்.

"ஆரோ மறந்து அவுத்து உட்டுட்டுப் போய்ட்டாங்க" என்றாள். "அத்துவானத்துல படபடன்னு அடிச்சா என்ன பண்ணுவ? நல்லவேளை, நான் பாத்தேன்."

சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவள் முகத்தில் காலையிலிருந்து முதல்முறையாக ஒரு தெம்பு தெரிந்தது. தனக்குத் தெரிந்த ஒன்றை இந்தக் கரையிலும் கண்டுபிடித்துவிட்ட தெம்பு. காலைக் காற்று மெலிசுதான், உள்ளே போய் மெதுவாக அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தன் கயாக்கின் சுக்கானோடு மல்லாடிக்கொண்டிருந்த ஜீவா அண்ணன் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "எல்லாம் சரிதானா மலர்? பாத்துட்டியா?"

"சரிங்கண்ணா" என்றேன்.

அண்ணன் பின்னாலேயே வருவதாகச் சொன்னார். நாங்கள் படகைத் தள்ளி ஏறினோம். நூறு அடி துடுப்புப் போட்டிருப்பேன். கரையிலிருந்து வரும் காற்று பாயைத் தொட்டது. பாய் ஒருமுறை தயங்கி, பிறகு மூச்சை இழுத்ததுபோல வயிற்றை உப்பிக்கொண்டது. நான் துடுப்பை எடுத்து மடியில் வைத்தேன். படகு நிற்கவில்லை.

அம்மா திரும்பிப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள். படகின் அடியைப் பார்த்தாள்.

"ஆருடி இழுக்கறா?"

"காத்தும்மா."

"சும்மா சொல்லாத."

"நெசமாத்தான். உன்ற ஆள்தான்."

படகு தண்ணீரை வகிரும் சத்தம் மட்டும் கேட்டது, கத்தரிக்கோல் துணியில் நிற்காமல் ஓடும்போது வருமே, அந்த மாதிரி. அம்மா மெதுவாக வலது கையை நீட்டிப் பாயின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் இருந்தாள். இருபத்திரண்டு வருடமாகக் கிழித்தவன், இப்போது அவள் தைத்த துணிக்குள் அடங்கி உட்கார்ந்து, இரண்டு பேரைச் சுமந்துகொண்டு போகிறான். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு அவ்வளவு அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இந்த நேரத்தில் முடிச்சைப் பற்றி எப்படிப் பேசுவது? இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டேன்.

கரையின் தென்னைகள் முதலில் மரங்களாக இருந்தன. பிறகு ஒரு பச்சை விளிம்பாயின. பிறகு விளிம்பும் தேய்ந்து, எங்களைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. அந்த வட்டத்தின் நடுப்புள்ளி நாங்கள்தான். எவ்வளவு போனாலும் நடுப்புள்ளியாகவே இருந்தோம்.

"அடியில பாரும்மா."

தண்ணீர் இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது. அடியில் கடல்புல் விரிந்து கிடந்தது. நீரோட்டத்தில் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தது, ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. எங்கள் பாயின் நிழல் அதன் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

"அட கெரகமே" என்றாள் அம்மா. "சோளக்காட்டு மேல பறக்கற மாதிரி இருக்குதுடி."

இறால் வடிவப் பொம்மைத் தூண்டிலைக் கட்டி அவள் கையில் கொடுத்தேன். விட்டு விட்டு இழு என்றேன். நாலாவது இழுப்பில் தூண்டில் நரம்பு கனத்தது. அவள் கத்திக்கொண்டே சுற்றினாள். மேலே வந்தது மீன் இல்லை, கணவாய். ஒரு முழ நீளம், கண்ணாடி போன்ற உடம்பு. சேலத்துக்கு ஐஸில் வரும் கணவாயை அம்மா பார்த்திருக்கிறாள். அது வெள்ளை. இதுவோ அவள் கையில் இருக்கும்போதே பழுப்பானது. பழுப்புக்குள் ஆயிரம் செம்புள்ளிகள் திறந்து மூடின. பிறகு ஓரமெல்லாம் பச்சை ஓடியது, பொன் ஓடியது, ஒரு நொடி எல்லாம் அணைந்து மீண்டும் கண்ணாடியானது.

"எந்தச் சாயப்பட்டறையிலடி போட்டாங்க இதுக்கு?" என்று அவள் குனிந்தபோது, அது பளிச்சென்று அவள் முகத்திலும் மிதவைச் சட்டையிலும் மையைப் பீய்ச்சியது.

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. அம்மா முகத்தைத் துடைத்து, கறுத்த விரல்களைப் பார்த்துவிட்டு, "சாயம் பக்கா. தண்ணியில போகாது போலிருக்குது" என்றாள். அடுத்த இரண்டையும் கையை நீட்டித் தள்ளி வைத்தே பிடித்தாள்.

பத்தரை மணிக்குக் காற்று நின்றது. காலையில் கரையிலிருந்து வரும் காற்று ஓய்ந்து, கடலிலிருந்து காற்று புறப்படுவதற்கு முன் இப்படி ஒரு நேரம் வரும். பாய் தொங்கிவிட்டது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவிலிருந்த கோட்டை யாரோ அழித்துவிட்டார்கள். தூரத்தில் ஜீவா அண்ணனின் கயாக் ஆகாயத்தில் மிதந்தது. நாங்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். இப்போது அவிழ்த்துவிட வேண்டும் என்று நான் முடிச்சின் மேல் கையை வைத்தேன்.

அப்போது வலப்பக்கத்தில், மிக அருகில், 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

"ஆரோ ஏர் பிரேக் புடிக்கறாங்க" என்றாள் அம்மா, சோற்றுக் கையோடு.

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது, இங்கே லாரி இல்லை என்று. இருவரும் திரும்பினோம்.

பத்தடி தள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு. எங்கள் படகில் முக்கால்வாசி நீளம். தண்ணீருக்கு மேல் இரண்டு மூக்குத் துளைகள் மூடிபோலத் திறந்திருந்தன. அவை மூடிக்கொண்டன. முதுகு வளைந்து, எந்தச் சத்தமும் இல்லாமல் இறங்கியது. அது எங்கள் அடியில் வந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். தடித்த உதடுகளால் கடல்புல்லை வேரோடு பற்றி, தலையை ஆட்டி மண்ணை உதறி, மென்றது. அவசரமே இல்லை. அதன் பின்னால் புல்வெளியில் வெறும் மணல் பாதை ஒன்று நீண்டுகொண்டே போனது. பக்கவாட்டில், அதன் கைத்துடுப்புக்குக் கீழே, இன்னொன்று. சின்னது. தாய் ஓர் அடி நகர்ந்தால் அதுவும் ஓர் அடி நகர்ந்தது.

கடல் பசு. கேள்விப்பட்டிருக்கிறேன். பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. அம்மா படகின் விளிம்பில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். அவள் மூச்சு தண்ணீரில் சின்னச் சின்ன வட்டமாக விழுந்தது.

சின்னது மேலே வந்தது. ஒரு கைப்பிடி மூச்சு விட்டது. அதன் கண் கறுப்பு மணியளவு. அது எங்களைப் பார்த்ததா, பாயைப் பார்த்ததா தெரியவில்லை. மீண்டும் தாயிடம் இறங்கிப் போனது.

"மெதுவா மேயி சாமி" என்றாள் அம்மா, உள்ளூர்க் கோயிலில்கூட அவள் பேசாத ஒரு குரலில். "மெதுவா மேயி. ஆரும் தொரத்தல."

எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. சோறு காய்ந்திருந்தது. பசுவும் கன்றும் போன பாதை மட்டும் அடியில் வெள்ளையாகக் கிடந்தது. நான் தலையை நிமிர்த்தியபோது கிழக்கே தண்ணீரின் மேல் ஒரு கறுப்புக் கோடு எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது.

கடல்காற்று. வழக்கத்தைவிடப் பலமாக.

முடிச்சுக்குப் பாய்ந்தேன். அதற்குள் காற்று வந்துவிட்டது. பாய் வெடித்ததுபோல ஒரு சத்தத்தோடு நிறைந்தது. படகு ஒரு துள்ளலில் பாய்ந்து, இடப்பக்கம் சாய்ந்தது. இடது மிதவை தண்ணீருக்குள் முழுசாக மறைந்தது. தண்ணீர் அம்மாவின் இடுப்பு வரை ஏறி உள்ளே கொட்டியது. நான் முடிச்சை நகத்தால் பிறாண்டினேன். ஈரத்தில் ஊறிய கயிறு, ஒவ்வொரு இழுப்புக்கும் இன்னும் இறுகியது. கல்லைப் பிறாண்டுவது போலிருந்தது.

"கயித்த உடோணும்மா! பாயிலிருந்து காத்த வெளிய உடோணும்!"

"அது பிரியாதுடி! பிரியக் கூடாதுன்னுதான் கட்டுனேன்!"

மிதவை இன்னும் ஒரு சாண் இறங்கியது. வலது மிதவை ஆகாயத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கவிழப்போகிறோம். கவிழ்ந்தால் அம்மா பாய்க்கு அடியில் போவாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கையை முடிச்சிலிருந்து எடுத்தேன். காலடியிலிருந்த சுக்கான் மிதியை ஒரு பக்கமாக முழுசாக மிதித்தேன். படகின் மூக்கு முனகிக்கொண்டே காற்றின் பக்கம் திரும்பியது, திரும்பியது, நேருக்கு நேர் நின்றது. பாய் வயிறு இழந்து பைத்தியம் பிடித்ததுபோல அடித்துக்கொண்டது. படபடபடவென்று அந்தச் சத்தம், அம்மா உலகத்திலேயே அதிகம் வெறுக்கும் சத்தம்.

"கிழியப் போவுதுடி!"

"கிழியாதும்மா! நீ தச்சது! இப்ப கயித்துல இழுப்பு கொறவு, இப்ப அவுரு! நான் படகப் புடிச்சுக்கறேன்!"

அவள் இடுப்பிலிருந்து கோணி ஊசியை உருவினாள். திரும்பி மண்டியிட்டு, முடிச்சின் கழுத்தில் ஊசியைச் செலுத்தி, நெம்பினாள். அவள் முழங்கையில் நரம்பு எழுந்தது. நான் சுக்கானில் அவளைப் பார்த்து அழுத்தினேன், அவள் என்னைப் பார்த்து நெம்பினாள். பட்டறையில் நனைந்த தார்ப்பாயை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உதறும்போது நிற்போமே, அப்படி. முதல் மடிப்பு தளர்ந்தது. சொருகல் வந்தது. மூன்று சுற்றும் சரசரவென்று கழன்று, கயிறு அவள் உள்ளங்கைக்குள் வந்தது.

"இனி கட்டாத. கையிலயே வெச்சுக்கோ. ஏறினா உடு, கொறஞ்சா இழு."

படகைக் கரை நோக்கித் திருப்பினேன். காற்று மறுபடி பாயில் ஏறியது. அம்மா கயிற்றைக் கொஞ்சம் விட்டாள். படகு சாயவில்லை. இழுத்தாள். படகு ஓடியது. மறுபடி விட்டாள். அவளுடைய வாய் கொஞ்சமாகத் திறந்திருந்தது.

"மூச்சு விடறானே" என்றாள். "மலரு, என்ற உள்ளங்கையில மூச்சு விடறானே."

கயிற்றைத் திருப்பிக் கொடு என்று இரண்டு முறை கேட்டேன். தரவில்லை. பச்சை விளிம்பு தென்னைகளாகும்வரை அவளே பிடித்து வந்தாள்.

கரையில் ஜீவா அண்ணன் எங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எங்களை நோக்கித் துடுப்புப் போட்டு வந்திருந்தார். "என்னாச்சு? கயித்த ஏன் உடல?"

"நான் கட்டிப்போட்டனுங்க" என்றாள் அம்மா. "தெரியாமப் பண்ணிட்டேன்."

மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன். "எனக்குத் தெரியும்ணா. கெளம்பறதுக்கு முன்னாடியே பாத்தேன். சரின்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அம்மா மிதவைச் சட்டையின் கொக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"பாத்தியா? பாத்துட்டா சும்மா இருந்த?"

"சொன்னா உனக்குக் கோவம் வரும்னு நெனச்சேன். அப்புறம் வேலைக்கு வேண்டாம்னுருவ."

நீரில் தத்தளித்தபோது வராத கோபம் இப்போது அவள் முகத்தில் வந்தது. மை படிந்த கன்னம் துடித்தது.

"நாளைக்கு ஆரோ பெத்த புள்ளைங்கள இதுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவ. அவுங்க தப்பு பண்ணாலும் மூஞ்சி கோணுமேன்னு வாய மூடிட்டு இருப்பியா?"

அவள் திரும்பி நடந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாத்திரத்திலிருந்த கணவாய்கள் வெள்ளையாகிவிட்டிருந்தன. அவற்றை எடுத்துக் கழுவினேன். ஜீவா அண்ணன் கடல் பசு பார்த்தீர்களா என்று கேட்டார். கன்றோடு பார்த்தோம் என்றேன். "மூணு வருசத்துல ரெண்டு தடவதான் நான் பாத்தேன், அதுவும் கன்னோட இல்ல" என்றவர், தன் படகைக் கழுவப் போனார்.

சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். மணலில் ஏற்றிவைத்த மஞ்சள் கயாக்கின் பக்கத்தில் நின்றிருந்தாள். ஜீவா அண்ணனும் பக்கத்தில் இருந்தார். நான் கிட்டே போனதும், அவள் பாயின் கயிற்றை எடுத்தாள். குழாயில் மூன்று சுற்று சுற்றினாள். ஒரு மடிப்பு. ஒரு சொருகல். இறுக்கினாள். பிறகு புதிதாகப் படகேற வந்தவளைப்போலக் கைகளைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்தபடி நின்றாள்.

கடல் மேல் வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே எங்கோ ஒரு பசுவும் கன்றும் மேய்ந்துகொண்டிருக்கும்.

"அம்மா, இது தப்பு" என்றேன். "இப்படிக் கட்டக் கூடாது. அவுரு."

அவள் அசையவில்லை.

"அவுத்தாத்தான் படகு கெளம்பும். இல்லைன்னா நீ எறங்கிக்கோ."

அம்மா இடுப்பிலிருந்து ஊசியை எடுத்தாள். முடிச்சை ஒரே நெம்பில் பிரித்து, கயிற்றின் முனையை என் கையில் வைத்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, அடுத்த மாசம் எத்தனாந் தேதிங்க இவ வரோணும்?"